பலேர்மோவில் ஒரு மண்ணிறக் கோட்

எண்பத்தெட்டாம் ஆண்டு கோடையில் நான் ஐரோப்பா போனது ஊர் பார்க்கத்தான் என்று கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் எல்லோரும் நம்பினார்கள். முதுகில் ஒரு பை, காலில் கன்வஸ் சப்பாத்து, கூடவே அலுவலகத்துச் சிநேகிதி மொரீன். நம்பாமல் என்ன செய்வார்கள்? உண்மையில் நான் போனது ஒரு ஆளைப் பார்க்க. அதுவும் அந்த ஆளுக்குத் தெரியாமல்.

ஆளின் பெயர் குலேந்திரன். இத்தாலியில், சிசிலித் தீவில், பலேர்மோ என்ற பழைய நகரத்தில் ஒரு டொக்ரர் வீட்டில் சமையல் வேலை. அவருடைய அக்கா எங்களுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருந்தார். அக்கா என் அண்ணையோடு பேசி, சாதகம் பொருந்தி, ஒரு கடிதமும் ஒரு படமும் வந்து சேர்ந்தன. கடிதத்தில் நாலு வரி, அதில் இரண்டு வரி காலநிலை. படத்தில் மண்ணிறக் கோட் போட்ட ஒருவர் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். கோட்டின் கழுத்துப் பட்டி அகலமானது. மூன்று பித்தளைப் பொத்தான்களில் நடுவில் உள்ளது மட்டும் கறுப்பு. முகம் என்று பார்த்தால், ஸ்ரூடியோக்காரன் பூசிய பவுடருக்கும் அடித்த வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு மீசை தெரிந்தது.

"ஆவணிக்குள்ளை முடிவு சொல்ல வேணும்," என்றார் அண்ணை.

"ஆளைப் பாக்காமல் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

"பொம்பிளைப்பிள்ளை போய் மாப்பிளை பாக்கிறதோ? எந்த ஊர் வழக்கம் உது?"

"ரொறன்ரோ வழக்கம்," என்றேன்.

அண்ணை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். அவர் சொல்லைத் தட்டுவது எனக்கு லேசான காரியமில்லை. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில் சேலையோடு வந்து இறங்கி நடுங்கிய என்னை, விமான நிலையத்தில் நீல ஜக்கெற் ஒன்றுக்குள் திணித்து வோபர்ன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டி வந்தவர் அவர். ஆனால் நான் ஓம் என்றால் ஆயுள் முழுக்க அந்த மீசையோடு இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த மனிதருக்குக் கனடா இல்லை. இரண்டும் ஒரு படத்தை நம்பி நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் றோமுக்குப் போகிறேன் என்று சொன்னேன். பொய்யில்லை, றோமில் ஒன்றரை நாள் நின்றோம். பார்க்க வேண்டிய ஆள் அங்கே இல்லாதபடியால் அந்த நகரத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பலேர்மோவில் வியாழக்கிழமை காலையில் இறங்கினோம். ஸ்ரேஷனில் ஏறிய பஸ் மூன்றாவது தரிப்பில் நின்றது. சாரதி இறங்கி எதிர்க்கடைக்குள் போய், நின்றபடியே ஒரு சின்னக் கோப்பையில் கோப்பி குடித்து, கடைக்காரனோடு சண்டையா சமாதானமா என்று தெரியாத ஒரு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். பஸ்ஸில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லிஸ்மியர் வீதியில் எங்கள் பஸ் சாரதியும் டோனட் கடைக்கு முன்னால் இதையேதான் செய்வார். ஆனால் அவர் திரும்பி வரும்போது ஒரு 'சொறி' சொல்லுவார்.

நாங்கள் எடுத்த அறை மூன்றாம் மாடியில். வீட்டுக்காரி ஒரு விதவை. கதவுக்கு ஐந்து தாழ்ப்பாள். சுடுதண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும், அதுவும் அவளுடைய பூனை குளியலறையில் படுத்திருக்காவிட்டால். மொரீன் ரொறன்ரோவில் செயின்ற் கிளேயர் பக்கம் இத்தாலியர்களுக்கு நடுவில் வளர்ந்தவள், பாஷை ஓரளவு தெரியும். "பூனையை எழுப்பக்கூடாதாம், அதற்கு வயது பதினாறாம்," என்று மொழிபெயர்த்தாள்.

மத்தியானம் தெருவில் பனெல்லே என்று ஒன்று சாப்பிட்டோம். கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, வில்லையாக வெட்டி எண்ணெயில் பொரித்து, பணிஸ் ரொட்டிக்குள் வைத்துத் தேசிக்காய் பிழிந்து தருகிறார்கள். அண்ணையின் மனைவி, என் மச்சாள், 'எதற்கும் இருக்கட்டும்' என்று பைக்குள் திணித்துவிட்ட வறுத்த மிளகாய்த்தூளை அதன் மேல் தூவினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, தனக்கும் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி நக்கினார். பிறகு தன் தம்பியைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், அவனுக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தார். தம்பி தண்ணீர்க் குழாய்க்கு ஓடியதை நாங்கள் இருவரும் பார்க்காதது போல நின்றோம்.

வெள்ளிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். கடிதத்தின் பின்னால் இருந்த விலாசம் பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய தெரு. பல்கனிக்குப் பல்கனி கொடி கட்டி உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு கொடியில் எங்கள் ஊர் ஆண்கள் உடுக்கும் சாரம் தொங்கியது, வீட்டைக் கண்டுபிடிக்க அது போதுமாக இருந்தது. எதிரில் ஒரு தேவாலயத்தின் படியில் உட்கார்ந்தோம். நான் தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். மொரீனின் தலைமயிர் செப்புக் குடம் போலப் பளபளக்கும். ஒளிந்து பார்க்கும் வேலைக்கு அவளைக் கூட்டிப் போனது என் முதல் பிழை.

ஒன்பதரை மணிக்குக் கதவு திறந்தது. நல்ல வெயில். அந்த வெயிலில், மண்ணிறக் கோட்டும் மீசையுமாக ஒருவர் வெளியே வந்தார். நடுப் பொத்தான் கறுப்பு.

"அவர்தான்," என்றேன்.

பின்னால் போனோம். மனிதர் முதல் வந்த கடைக் கண்ணாடியில் நின்று தலை சீவினார். சரி, ஆண்பிள்ளை, போகட்டும் என்று விட்டேன். அடுத்தது சப்பாத்துக்கடை, அங்கேயும் நின்று சீவினார். அதற்கடுத்தது சவப்பெட்டிக் கடை, அந்தக் கண்ணாடியையும் விடவில்லை. நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன், ஏழு வந்தது. பிறகு ஒரே சதுக்கத்தை இரண்டு முறை சுற்றினார். ஒரு கடையில் பணிசுக்குள் ஐஸ்கிறீம் வைத்து வாங்கி, ஒரு மூலையில் நின்று வலு ஆறுதலாகத் தின்றார். தின்று முடிந்ததும் இன்னொன்று வாங்கினார்.

"பசி நல்லது," என்றாள் மொரீன்.

"இந்த வயதில் இரண்டு ஐஸ்கிறீமா?" என்றேன். மனதுக்குள் மதிப்பெண் குறைந்துகொண்டே போனது.

கடைசியாக அவர் நுழைந்தது ஒரு போட்டோ ஸ்ரூடியோ. அரை மணித்தியாலத்தில் வெளியே வந்தார். ஸ்ரூடியோக்காரர் வாசல்வரை வந்து உரத்த குரலில் ஏதோ சொன்னார். மொரீனின் முகம் மாறியது.

"என்ன சொன்னான்?"

"'பெண்ணுக்கு அனுப்பும் படம்தானே, கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பித் தருகிறேன், செவ்வாய்க்கிழமை வா' என்கிறான்."

எனக்குப் படம் அனுப்பி, சாதகமும் பொருந்திய பிறகு, இவர் இன்னொரு பெண்ணுக்கும் படம் எடுக்கிறாரா! கோபத்தில் எனக்குக் காது சுட்டது. வழி விசாரித்து ரெலிபோன் நிலையத்துக்குப் போய், நாலாம் இலக்கக் கூண்டுக்குள் புகுந்து அண்ணையைப் பிடித்தேன். அங்கே காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வேண்டாம். அஜக்ஸுக்குச் சொல்லிப்போடுங்கோ."

"என்னடி திடீரெண்டு?"

"உவர் இன்னொரு பொம்பிளைக்கும் படம் எடுக்கிறார். அதோடை ரோட்டிலை கண்ட கண்ணாடியெல்லாத்திலையும் தலை இழுக்கிறார்."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்? நீ எங்கை நிக்கிறாய்?"

"றோமிலை," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் சோற்றை உருண்டையாக்கிப் பொரித்த ஒன்றை மொரீன் வாங்கித் தந்தாள். அது மிகவும் ருசி என்பது அடுத்த நாள் சாப்பிட்டபோதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை, மாப்பிள்ளை விஷயம் முடிந்தது, இனி ஊரைப் பார்ப்போம் என்று சந்தைக்குள் இறங்கினோம். வியாபாரிகள் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துக் கூவுகிறார்கள். கத்தரிக்காய் பிள்ளைத் தலை அளவு. மொரீன் மாட்டு மண்ணீரல் வைத்த பணிஸ் ஒன்றை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள், நான் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். அப்படித் திரும்பியதால்தான் கோட் கண்ணில் பட்டது.

அதே மண்ணிறம், அதே கறுப்பு நடுப் பொத்தான். ஆனால் உள்ளே இருந்தவர் நேற்றையவரைவிட ஒரு சாண் கட்டை. கோட்டின் கைகள் அவருடைய விரல்களையும் மூடியிருந்தன. வேகமாக ஸ்ரூடியோப் பக்கம் போனார். நாங்களும் போனோம். உள்ளே போனவர் வெளியே வந்தார். வாசலில் காத்திருந்த ஒரு மெல்லிய நெட்டையர் அந்தக் கோட்டைக் கழற்றி வாங்கித் தான் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மொரீன் தெரு ஓரத்திலேயே குந்தி இருந்து சிரித்தாள். "சாந்தி, நீ ஒரு மனிதனைப் பின்தொடரவில்லை. ஒரு கோட்டைப் பின்தொடர்ந்திருக்கிறாய்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டு றூமில் சேர்ந்து இருக்கும் அத்தனை பேருக்கும் கல்யாணப் படத்துக்கு ஒரே ஒரு கோட். இது எனக்குத் தெரியாத வழக்கமா? என் படம் மட்டும் எப்படிப் போனது? மச்சாளின் கூறைச்சேலை, பதினோராம் மாடி அன்ரியின் அட்டியல், அவருடைய மகளின் காப்பு. இரவல் நகையில் சிரித்துப் படம் அனுப்பியவள், இரவல் கோட்டைக் கண்டு ஒரு மனிதரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ரெலிபோன் நிலையம் மத்தியானம் பூட்டு. நாலு மணிவரை வாசலில் நின்று கூண்டுக்குள் போனேன். மச்சாள்தான் எடுத்தார்.

"அண்ணை நேற்றே சொல்லிப்போட்டார். அஜக்ஸ் அக்கா ரெலிபோனிலை அழுதவவாம். உடனை இத்தாலிக்கு எடுத்து, தம்பியார் வேலை செய்யிற வீட்டிலை சொல்லியாச்சாம். இப்ப பிறம்ரன் வரைக்கும் கதை போயிட்டுது. ஏன், என்ன?"

"ஒண்டுமில்லை மச்சாள்," என்றேன். நான் ஒரு ரெலிபோன் எடுத்தால் இந்த வேகத்தில் ஒரு நல்ல சேதி எங்கேயாவது போயிருக்கிறதா?

நேரே சாரம் தொங்கிய வீட்டுக்குப் போய்த் தட்டினேன். கட்டையானவர்தான் கதவை ஒரு சாண் திறந்தார். என் தோளுக்கு மேலால் மொரீனைக் கண்டதும் அரைச் சாண் சாத்தினார்.

"குலேந்திரன் அண்ணை வேலையிலை. நாளைக்கு மலைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மலைக்குத்தான்."

"எந்த மலை?" என்று கேட்பதற்குள் கதவு முழுதாகச் சாத்தியாயிற்று.

வீட்டுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நகரத்தை ஒட்டி ஒரு மலை. உச்சியில் ஒரு குகைக் கோயில், அதில் இந்த ஊரின் காவல் புனிதை ரோசலியா. ஞாயிறு காலை பஸ் தரிப்பில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு கிழவர் வந்து, பஸ்காரர் வேலைநிறுத்தம் என்றார். அதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று மொரீன் கேட்டாள். "நீங்கள் நிம்மதியாக நின்றீர்கள், ஏன் குழப்ப வேண்டும் என்று விட்டேன்," என்றார் கிழவர்.

நடந்தே ஏறினோம். கல் பதித்த பழைய பாதை, வளைந்து வளைந்து போகிறது. மொரீன் மூன்றாவது வளைவில் ஒரு மரத்தடியில் இருந்துவிட்டாள். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து தமிழ்ப் பெடியள் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். சிலருடைய நெற்றியில் திருநீறு. ரொறன்ரோவில் கோயிலுக்குப் போக நானும் மச்சாளும் மூன்று பஸ் மாறுவோம், பக்தி பாதி வழியில் தூங்கிவிடும். இங்கே நேர்த்திக்கடனை ஒரு கிறிஸ்தவப் புனிதையிடம் வைத்துவிட்டு, கல்லுச் சுடச்சுட ஏறுகிறார்கள். நானும் சப்பாத்தைக் கழற்றினேன். பத்து அடியில் திரும்பப் போட்டேன்.

குகைக்குள் குளிர். மேலே பாறையில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது, அதைத் தகரப் பீலி வைத்து ஏந்துகிறார்கள். புனிதை பொன்னாடையோடு சாய்ந்து படுத்திருக்கிறாள். அவளுக்கு என் பாஷை தெரியுமோ தெரியாது. எப்படியாவது அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வழி காட்டு என்று தமிழிலேயே கேட்டேன்.

வெளியே வந்து படியில் நின்றபோது, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்திருந்த ஒருவர் எனக்கு முன்னால் வந்தார். மீசை இருந்தது. தலையில் முன்பக்கம் பாதி வெளி. ஸ்ரூடியோக்காரர் கன்னம் மட்டுமல்ல, அதையும் நிரப்பித் தந்திருந்தார். இந்தத் தலையில் ஏழு முறை சீவ ஒன்றும் இல்லை.

"சாந்திதானே?"

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? படத்திலை நான் சேலையும் நகையுமாய்..."

"மூக்கு உங்கடைதானே. அதை ஆரிட்டையும் இரவல் வாங்கேலாது."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமை கோட் போட்டுக்கொண்டு போன எங்கடை றூம் பாலன் நடுங்கிக்கொண்டு வந்தவன்," என்றார். "ஒரு தமிழ்ப் பொம்பிளையும் ஒரு செம்பட்டைத் தலை வெள்ளைக்காரியும் பின்னாலை வருகினம், பொலிஸ்தான் எண்டு. கண்ணாடிக்குக் கண்ணாடி நிண்டு, தலை இழுக்கிற மாதிரி, வாறியளோ எண்டு பாத்தவனாம். நீங்கள் போவியள் எண்டு ரெண்டு ஐஸ்கிறீம் திண்டும் பாத்தானாம். அவனுக்கு ஐஸ்கிறீம் ஒத்துவராது. பிறகு எங்கடை அக்கா ரெலிபோன் எடுத்துக் கண்ணாடி, தலை, ஸ்ரூடியோ எண்டு காரணம் சொன்னா. ரெண்டையும் சேர்த்துப் பாத்தன்."

"நான் வேண்டாம் எண்டது உங்களை இல்லை."

"தெரியும், பாலனை. அவனிட்டைச் சொன்னன், கனடாவிலை ஒரு பொம்பிளை உன்னை வேண்டாம் எண்டிட்டா எண்டு. பாவம், இராச்சாப்பாடு சாப்பிடேல்லை."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா சொன்னபோது எனக்கு மனம் நொந்ததுதான். விளக்கம் தெரிய முதல் ஒரு மணித்தியாலம். டொக்ரர் வீட்டுக் கறிக்கு ரெண்டுதரம் உப்புப் போட்டிட்டன்."

"நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். "நான் இப்பவே அண்ணைக்கு..."

"இப்ப ஓம் எண்டு சொல்லாதேங்கோ. பாவம் பாத்து ஓம் எண்டுறதும் எனக்கு வேண்டாம். நாளைக்குக் காலமை சந்தைக்குப் போறன். பாலனுக்குப் பின்னாலை வந்த மாதிரி எனக்குப் பின்னாலையும் வாங்கோ. நான் திரும்பிப் பாக்கமாட்டன். பிறகு சொல்லுங்கோ."

திங்கட்கிழமை ஏழு மணிக்கே படியில் உட்கார்ந்தோம். குலேந்திரன் வெளியே வந்தார், வெள்ளைச் சேட், கையில் பெரிய கூடை. பத்தடி விட்டுப் பின்னால் போனோம். மீன்கடையில் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து, கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளும்வரை பேரம் பேசினார். முடிந்ததும் கடைக்காரர் அவருடைய தோளில் தட்டி, ஒரு மீன்தலையைச் சும்மா சுற்றிக் கொடுத்தார். மரக்கறிக்காரி ஒருத்தி மகனுடைய காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள் போலும், கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுதும் கேட்டார். ஒரு கடையில் மிச்சக்காசு கூடத் தந்துவிட்டார்களாம், பாதி வழியில் நின்று யோசித்துத் திரும்பிப் போய்க் கொடுத்தார். திரும்பி நடந்தபோது எங்களுக்கு நேர் எதிரே வர வேண்டியிருந்தது. என்ன செய்வார் என்று பார்த்தேன். மேலே பல்கனிகளைப் பார்த்தபடி, ஒரு உடைந்த மரப்பெட்டியில் கால் தடுக்கி, எங்களைக் கடந்து போனார்.

"உண்மையாகவே பார்க்கவில்லை!" என்றாள் மொரீன்.

சந்தையின் முடிவில் பனெல்லேக் கடை. வியாழக்கிழமை மிளகாய்த்தூள் நக்கிய அதே ஆள். குலேந்திரன் மூன்று பணிஸ் வாங்கினார். ஒன்றைக் கடித்தார். மற்ற இரண்டையும் கடதாசியோடு முதுகுக்குப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் நின்றார். எண்ணெய் கடதாசியில் ஊறிக்கொண்டிருந்தது. நான் போய் வாங்கினேன். எனக்கு அந்த நிமிடத்தில் அவரைப் பிடித்துவிட்டது, வேறு காரணம் தேடி வைக்க நான் முயலவில்லை.

கனடாவில் விடியும்வரை பொறுத்து எடுத்தேன், ரெலிபோன் கூண்டுக்குள் மொரீனும் தலையை நுழைத்துக்கொண்டாள்.

"அண்ணை, ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ."

"ஆருக்கு ஓம்?"

"குலேந்திரனுக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை வேண்டாம் எண்டது ஆரை?"

"அது கோட்."

அதற்கு அண்ணை, "றோமிலை வெயில் கூடவோ?" என்று கேட்டார்.

பத்திரங்கள் எல்லாம் சரிவந்து, அடுத்த மாசி மாதத்தில் அவர் ரொறன்ரோ வந்தார். வெளியே பனி கொட்டியது. வரவேற்கும் கூட்டத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மண்ணிறத்தையும் தேடினேன், பழக்க தோஷம். மெல்லிய சுவெற்றர் ஒன்றோடு, பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கோட் எங்கை?"

"அது றூமிலை. பாலனுக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லை. நெட்டையனுக்கும் அது தேவை."

கையில் வைத்திருந்த நீல ஜக்கெற்றை விரித்துப் பிடித்தேன். அவர் கையை விட்டார், கை நீளம் கட்டையாக இருந்தது.

"இது உங்களுக்கு எண்டு நினைச்சுப்போடாதேங்கோ," என்றேன். "வெள்ளிக்கிழமைக்கு முதல் திருப்பிக் குடுக்க வேணும். பன்னிரண்டாம் மாடியிலை ஒராளின்ரை தம்பி வந்திறங்குறார். எங்கடை பில்டிங்குக்கு எயார்போட்டுக்கு உது ஒண்டுதான்."

அவர் ஜக்கெற்றை மேலும் கீழும் பார்த்தார். சிப்பைக் கழுத்துவரை இழுத்தார். "இதுக்குள்ளை எத்தினை பேர் வந்திருக்கினம்?"

"எண்ணேல்லை," என்றேன். "முதல் வந்தது நான்."